சாட்சியாக நிறுத்தப்பட்ட உடலும் மனமும்: கருக்கலைப்பின் விளைவுகள் அறியப்பட்ட வரலாறு

கருக்கலைப்பு ஒரு பெண்ணின் உடலிலும் மனத்திலும் என்ன விளைவுகளை உண்டாக்குகிறது என்பது இன்று மருத்துவரிடம் கேட்கப்படும் கேள்வி. ஆனால் அதற்கான விடைகள் திரட்டப்பட்ட வரலாற்றைப் பின்தொடர்ந்தால், நவீன இந்தியாவில் அக்கேள்வியை முதலில் விரிவாகக் கேட்டவர்கள் காவல் அதிகாரியும் நீதிபதியும் என்பதும், பின்னர் மக்கள்தொகை அறிஞரும் சட்டம் இயற்றுவோரும் அதைக் கையில் எடுத்தனர் என்பதும், கருவைக் கலைத்துக்கொண்ட பெண்ணிடமே அது கேட்கப்பட்டது மிகப் பிந்திய காலத்தில்தான் என்பதும் புலப்படும். விடை யாரிடமிருந்து பெறப்பட்டதோ அதற்கேற்ப விளைவுகளைப் பற்றிய சித்திரமும் மாறியது. பிணக்கூறாய்வின் வழியே எழுதப்பட்ட நூல்களில் கருக்கலைப்பின் முடிவு சாவாக இருந்தது; காய்ச்சலோடும் குருதிப்போக்கோடும் மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டவர்களைக் கொண்டு எழுதப்பட்ட அறிக்கைகளில் அது நோயாக இருந்தது; நலமாக வீடு திரும்பியவர்களையும் சேர்த்துக்கொண்ட ஆய்வுகளில்தான் அது பெரும்பாலோர்க்குச் சில நாள் வலியாகவும், சிலருக்கு ஆழ்ந்த துயராகவும், மிகப் பலருக்குப் பாரம் இறங்கிய உணர்வாகவும் தெரியவந்தது. இந்தியாவை மையமாகக் கொண்டு இம்மாற்றத்தை ஆராயும்போது, தீங்கின் அளவைத் தீர்மானித்தவை கருவைக் கலைத்த செயலைக் காட்டிலும் அச்செயல் எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் கருவியால், எவ்வளவு மறைவில் நிகழ்ந்தது என்பவையே என்று கொள்ள இடமிருக்கிறது.

அறநூலும் மருத்துவ நூலும்

பழைய நூல்களில் கருக்கலைப்பு பெரும்பாலும் அறத்தின் பகுதியாகவே பேசப்பட்டது. புறநானூற்றின் 34ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் மகளிரின் கருவைச் சிதைத்தலை, ஆவின் முலையை அறுத்தல் போன்ற கொடுமைகளோடு ஒரே வரிசையில் வைத்து, அவற்றுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கே உய்வில்லை என்கிறார். வடமொழி அறநூல்கள் கருவை அழித்தலைப் பிரூணஹத்தி என்று பெயரிட்டுப் பெரும்பாவங்களில் ஒன்றாக எண்ணின. மருத்துவ நூல்களின் அக்கறை வேறாக இருந்தது. சுஸ்ருத சம்ஹிதை மூடகர்ப்பம் என்னும் நிலையை, அதாவது கரு வெளிவர இயலாமல் தடைப்பட்டுக் கிடக்கும் நிலையை, விரிவாகப் பேசி, கரு இறந்துவிட்டதெனத் தெரிந்தால் கருவி கொண்டு அதை அகற்றித் தாயைக் காக்கும் முறையை விளக்குகிறது. ஆகவே செயலின் குற்றத்தை அறநூலும், தாயின் உயிரை மருத்துவ நூலும் அளந்தன. கருவைச் சுமக்க விரும்பாத பெண்ணின் நிலை இவ்விரண்டின் அளவைக்குள்ளும் வரவில்லை.

பிரிவு 312உம் பிணவறையும்

மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைந்த இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 312ஆம் பிரிவு, பெண்ணின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலன்றிக் கருவைக் கலைத்தல் குற்றம் என்று வகுத்து, மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும், கருவின் அசைவு உணரப்படும் அளவுக்கு அது வளர்ந்திருந்தால் ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் விதித்தது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவில் அடங்குவாள் என்ற விளக்கமும் அதோடு சேர்க்கப்பட்டது. பெண்ணின் இசைவின்றிக் கலைத்தலை 313ஆம் பிரிவும், கலைக்கும் முயற்சியில் பெண் இறந்துபோவதை 314ஆம் பிரிவும் தனித்தனியே தண்டித்தன. ஆயினும், பயிற்சி பெற்ற மருத்துவருக்கு 312ஆம் பிரிவு விட்டுவைத்த வாசல் உயிராபத்து ஒன்றே என்பதால், மற்ற எல்லாக் கருக்கலைப்புகளும் மருத்துவமனைக்கு வெளியே, மருத்துவச்சிகளிடமும் நாட்டு மருந்து விற்பவர்களிடமும் தள்ளப்பட்டன.

இதனால் ஆங்கிலேய மருத்துவர்களுக்குக் கிடைத்த சான்றுகள் ஒரு வகையாகவே இருந்தன. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் முதல்வராகப் பின்னாளில் இருந்த நார்மன் செவர்ஸ் 1856இல் வெளியிட்ட சட்ட மருத்துவக் கையேடும், அதன் வழியில் வந்த பிற நூல்களும், எருக்கு, கொடிவேலி முதலிய கடும் செடிகள் கருக்கலைப்புக்குப் பயன்படுத்தப்பட்டதையும், அவற்றால் கருப்பையிலும் பிறப்புறுப்பிலும் உண்டான புண்களையும், துளைகளையும், அவற்றைத் தொடர்ந்த நச்சேற்றத்தையும் பதிவு செய்தன. புண்ணின் வழியே நுழையும் கிருமிகளால் உடல் முழுவதும் பாதிக்கப்பட்டு உள்ளுறுப்புகள் செயலிழப்பதே நச்சேற்றம். கிருமிக்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் அது பெரும்பாலும் சாவில் முடிந்தது. இப்பதிவுகள் பொய்யானவை அல்ல. ஆனால் உடற்கூறாய்வு மேசைக்கு வந்தவர்களை மட்டுமே அவை அறிந்திருந்தன. பிழைத்தெழுந்து வயலுக்கும் அடுப்படிக்கும் திரும்பிய பெண்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் மீண்டும் கருவுற இயலாதவர்களாகவும் தீராத இடுப்புவலியோடும் வாழ்ந்தனர் என்பதை அறியும் வழி சட்ட மருத்துவத்துக்கு இல்லை.

மனத்தின் நிலையோ இந்நூல்களில் அறவே இடம்பெறவில்லை. அதைத் தேட வேண்டிய இடம் சீர்திருத்த எழுத்து. இளம் வயதில் கணவனை இழந்து மறுமணம் மறுக்கப்பட்ட உயர்சாதிப் பெண்கள் கருவுற்றால், ஊர்விலக்கம், மறைவான கருக்கலைப்பு, பிறந்த சிசுவைக் கொல்லுதல் ஆகியவற்றைத் தவிர வேறு வழி காணாத நிலையில் இருந்தனர். இதை உணர்ந்தே ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1863இல் புணேயில் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைத் திறந்து, கைம்பெண்கள் மறைவாக வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுக்கொள்ள வழி செய்தனர். 1881இல் சூரத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி என்னும் கைம்பெண் தன் சிசுவைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் அத்தண்டனை குறைக்கப்பட்டபோது, செய்தித்தாள்கள் பெண்களின் ஒழுக்கக்கேட்டைப் பற்றி எழுதித் தள்ளின. அதற்கு மறுமொழியாக 1882இல் தாராபாய் ஷிண்டே மராத்தியில் எழுதிய ‘ஸ்திரீ புருஷ துலனா’, கருவுக்குக் காரணமான ஆணை விட்டுவிட்டுப் பெண்ணின் தலையில் மட்டும் பழியைச் சுமத்தும் நீதியைக் கேள்விக்கு உட்படுத்தியது. கருக்கலைப்பின் உளவியல் விளைவு என்று இன்று பேசப்படுவதன் பெரும்பகுதி, அக்காலத்தில் பிடிபடுவோம் என்ற அச்சமும் சாதி இழப்போம் என்ற நடுக்கமுமாக, கருவைக் கலைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மனநலம் சட்டத்தின் வாசலான கதை

பெண்ணின் மனம் சட்டத்துக்குள் நுழைந்த திருப்பம் லண்டனில் நேர்ந்தது. 1938இல், படைவீரர்களால் வல்லுறவுக்கு ஆளாகிக் கருவுற்ற 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருவை அலெக் போர்ன் என்னும் மகப்பேறு மருத்துவர் வெளிப்படையாகக் கலைத்துவிட்டு, தாமே வழக்கை எதிர்கொண்டார். உயிரைக் காத்தல் என்பது உடல் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதைக் குறிக்காது, கருவைச் சுமப்பதால் ஒரு பெண் உடலாலும் மனத்தாலும் சிதைந்துபோவாள் என்று மருத்துவர் நியாயமாகக் கருதினால் அதுவும் உயிரைக் காத்தலே என்னும் கருத்துப்பட நீதிபதி மக்நாட்டன் நடுவர் குழுவுக்கு எடுத்துரைத்தார். போர்ன் விடுதலை செய்யப்பட்டார். இவ்வாறு கருவின் சுமையே மனத்துக்குத் தீங்கிழைக்கும் என்ற கருத்து சட்ட வழக்கில் வேர்கொண்டு, பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதன் பின்னர் இந்தியச் சட்டத்திலும் கிளைவிட்டது.

இந்திய அரசு 1964இல் மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழு 1966 டிசம்பரில் தன் அறிக்கையை அளித்தது. 50 கோடி மக்களுக்கு ஆண்டொன்றுக்கு 65 லட்சம் கருச்சிதைவுகள் நிகழ்கின்றன என்றும், அவற்றுள் 26 லட்சம் தாமாக நிகழ்பவை, 39 லட்சம் வேண்டுமென்றே செய்யப்படுபவை என்றும் அது மதிப்பிட்டது. எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானது, கருக்கலைப்பை நாடுவோரில் பெரும்பாலோர் கருவுற்றதை மறைக்க வேண்டிய கட்டாயமில்லாத மணமான பெண்கள் என்ற அதன் கணிப்பு. ஏனெனில் நூறாண்டுகளாகச் சட்டமும் சமூகமும் மனத்தில் வைத்திருந்த வழிதவறிய கைம்பெண் என்ற உருவத்தை அது கலைத்துவிட்டு, அந்த இடத்தில் போதிய பிள்ளைகளைப் பெற்றுவிட்ட தாயை நிறுத்தியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற மக்கள்தொகை அறிஞரும், 1967 முதல் 1970 வரை நடுவண் அரசில் குடும்ப நலத்துறைப் பொறுப்பில் இருந்தவருமான ஸ்ரீபதி சந்திரசேகர், கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்குவதை முனைந்து ஆதரித்தவர்களுள் ஒருவர்.

1971ஆம் ஆண்டு ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம், 312ஆம் பிரிவை நீக்கவில்லை. அப்பிரிவிலிருந்து மருத்துவருக்கு விலக்களிக்கும் ஓர் ஏற்பாடாகவே அமைந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரும், 12 முதல் 20 வாரம் வரை இரு மருத்துவர்களும், கருவைத் தொடர்வது பெண்ணின் உயிருக்கு ஆபத்தையோ உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் தீங்கையோ விளைவிக்கும் என்று நல்லெண்ணத்தோடு கருதினால், அல்லது பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் இருக்கக்கூடுமென்று கருதினால், கருவைக் கலைக்கலாம் என்றது அது. வல்லுறவால் வந்த கருவின் வேதனை மனநலத்துக்குக் கடும் தீங்காகவே கொள்ளப்படும் என்றும், மணமான பெண்ணோ அவள் கணவனோ பயன்படுத்திய கருத்தடை முறை தவறியதால் வந்த கருவின் வேதனை அவ்வாறு கொள்ளப்படலாம் என்றும் இரண்டு விளக்கங்கள் சேர்க்கப்பட்டன. அத்தீங்கை மதிப்பிடும்போது பெண்ணின் அப்போதைய சூழலையும், நியாயமாக எதிர்பார்க்கத்தக்க பிற்காலச் சூழலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் அச்சட்டம் கூறியது.

இந்த அமைப்பு பல பெண்களின் உயிரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. நான்கு பிள்ளைகளுக்குப் பிறகு ஐந்தாவது வேண்டாம் என்று தெளிந்த மனத்தோடு முடிவெடுத்து வந்த பெண்ணும், படிவத்தில் மனநலம் பாதிக்கப்படக்கூடியவளாகவே எழுதப்பட வேண்டியிருந்தது. அவளுடைய விருப்பம் விருப்பமாகவே சட்டத்தின் முன் நிற்க இயலவில்லை.

கருவி மாறியபோது

சட்டம் வந்த பின்னரும் உடலின் மீதான விளைவுகளைத் தீர்மானித்தது கருவியே. கருப்பை வாயை விரித்து, கூரிய கரண்டி போன்ற உலோகக் கருவியால் உட்சுவரைச் சுரண்டி எடுப்பதே நெடுங்காலம் வழக்கில் இருந்த முறை. பேச்சு வழக்கில் டி அண்டு சி எனப்படுவது அது. அதிகக் குருதிப்போக்கும், கருப்பைச் சுவரில் துளை விழுதலும், மயக்க மருந்தால் வரும் இடர்களும் அம்முறையோடு வந்தன. அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்ட கருப்பையின் உட்சுவர்கள் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாதவிடாய் நின்றுபோகவும் மீண்டும் கருத்தரிப்பது கடினமாகவும் காரணமாவதை ஜோசப் ஆஷர்மன் 1948இல் 29 பெண்களிடம் கண்டு விளக்கியதால், அந்நிலை அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. கருக்கலைப்பு மலடாக்கிவிடும் என்ற பரவலான அச்சத்துக்கு, மறைவான முறைகளால் வந்த நோய்த்தொற்றோடு இந்தச் சுரண்டும் கருவியும் உண்மையான அடிப்படையாக இருந்தது.

1958இல் சீன மருத்துவர்கள் வெளியிட்ட உறிஞ்சி எடுக்கும் முறையும், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹார்வி கார்மன் பரப்பிய வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாயும் அந்த அடிப்படையை மாற்றின. சுரண்டுவதற்குப் பதிலாகக் காற்றழுத்தத்தால் மெல்ல உறிஞ்சுவதால் கருப்பைச் சுவர் காயப்படுவது குறைந்தது. கையால் இயக்கும் உறிஞ்சுக் கருவிக்கு மின்சாரமும் பொது மயக்க மருந்தும் தேவைப்படாததால் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதைக் கையாள முடிந்தது. சுரண்டும் முறையைக் கைவிட்டு உறிஞ்சும் முறைக்கோ மாத்திரைக்கோ மாறுமாறு உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

மூன்றாவது மாற்றம் மாத்திரை. கருவைத் தாங்கிநிற்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பின் வேலையைத் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் பிரான்சில் 1988இல் ஒப்புதல் பெற்றது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் மிசோப்ரோஸ்டாலோடு சேர்த்து அது வழங்கப்படுகிறது. இந்தியாவில் மிஃபெப்ரிஸ்டோனுக்கு 2002இல் ஒப்புதல் கிடைத்தது. 2018இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றுள் 73 விழுக்காடு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளைக் கொண்டு செய்யப்பட்டவை என்றும் மதிப்பிட்டது. அந்த ஆய்வு மேற்கொள்ளப்பட்ட ஆறு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அதாவது, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான கருக்கலைப்புகள் மருத்துவரின் பார்வைக்கு அப்பால்தான் நிகழ்கின்றன. ஆனால் எருக்கின் இடத்தில் சோதிக்கப்பட்ட மருந்து வந்துவிட்டதால் அவற்றின் முடிவு வேறாக இருக்கிறது.

தொடக்க வாரங்களில் முறையாகச் செய்யப்படும் கருக்கலைப்பின் உடல் விளைவுகள் இன்று தெளிவாக அறியப்பட்டுள்ளன. அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கும் வலி, மாதவிடாயை விட மிகுதியாகத் தொடங்கி இரண்டு வாரம் வரை குறைந்துகொண்டே செல்லும் குருதிப்போக்கு, மாத்திரையானால் குமட்டலும் குளிர்நடுக்கமும் வயிற்றுப்போக்கும், சில நாள் சோர்வு ஆகியவை இயல்பானவை. தணியாத காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்பாடு, அடுத்தடுத்த இரண்டு மணி நேரங்களிலும் மணிக்கு இரண்டு பெரிய நாப்கின்கள் வீதம் முற்றிலும் நனையும் அளவுக்குக் குருதிப்போக்கு, மருந்துக்கு அடங்காத வலி ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். சிக்கலின்றி முடிந்த கருக்கலைப்பு பிற்காலக் கருத்தரிப்பைக் கெடுப்பதில்லை. இரண்டு வாரத்துக்குள்ளாகவே சினைமுட்டை வெளிப்படக்கூடும் என்பதால் உடனே மீண்டும் கருவுறவும் வாய்ப்புண்டு. கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிய கருவை இம்மாத்திரைகள் கலைப்பதில்லை. நாள்கணக்கைத் தவறாக எண்ணிக்கொண்டு காலம் கடந்து உட்கொள்ளும்போது அரைகுறையாகக் கலைந்து குருதிப்போக்கு நீடிக்கலாம். முன்பே இரத்தசோகையுள்ள பெண்ணுக்கு அது பேரிழப்பாகும். கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. 16 நாடுகளைச் சேர்ந்த 53 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2004இல் வெளியான பகுப்பாய்வு அத்தகைய தொடர்பில்லை என்று காட்டியது. நோயுற்ற பெண்கள் நலமுள்ள பெண்களைக் காட்டிலும் தம் பழைய கருக்கலைப்புகளை மறைக்காமல் சொன்னதே முந்தைய ஆய்வுகளில் பொய்த் தொடர்பைத் தோற்றுவித்திருக்கலாம் என்பது தெரியவந்தபோது, மறைவு என்பது உடலை மட்டுமன்றி அறிவையும் எவ்வாறு திரித்துவிடுகிறது என்பது வெளிப்பட்டது.

மனத்தைப் பற்றிய வழக்கு

இந்தியச் சட்டத்தில் மனநலம் கருக்கலைப்புக்கு ஆதரவான சாட்சியாக நின்ற அதே காலத்தில், அமெரிக்காவில் அதே மனநலம் எதிர்த்தரப்புச் சாட்சியாக அழைக்கப்பட்டது. 1973இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற பின்னர், அதை எதிர்த்தவர்கள் கருவின் உயிரைப் பற்றிய வாதத்தோடு பெண்ணின் மனக்காயத்தைப் பற்றிய வாதத்தையும் முன்வைத்தனர். 1980களில் கருக்கலைப்புக்குப் பிந்தைய நோய்த்தொகுதி என்று ஒரு பெயர் பரப்பப்பட்டாலும், அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. அதிபர் ரீகன் 1987இல் இவ்விளைவுகளைக் குறித்து அறிக்கை தருமாறு தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப்பைப் பணித்தார். கூப் கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும் கிடைத்த ஆய்வுகள் முறைப் பிழைகள் நிறைந்தவை என்றும், அவற்றைக் கொண்டு எத்தரப்பு முடிவையும் நிறுவ இயலாது என்றும் 1989 ஜனவரியில் அவர் எழுதினார். 2007இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கென்னடி, நம்பகமான தரவு எதுவுமில்லை என்று ஒப்புக்கொண்டே, சில பெண்கள் பின்னர் வருந்துவர் என்ற கருத்தைத் தம் தீர்ப்பில் சேர்த்தார்.

பிழை எங்கே இருந்தது என்பதைக் காண்பது கடினமன்று. கருவைக் கலைத்த பெண்களை, விரும்பிப் பிள்ளை பெற்ற பெண்களோடு ஒப்பிட்டால் முன்னவர் துயருற்றவராகத்தான் தெரிவர். ஏனெனில் வேண்டாத கரு வருவதற்குக் காரணமான வறுமையும் வன்முறையும் உறவு முறிவும் முன்பே அவர்களைச் சூழ்ந்திருக்கின்றன. டென்மார்க்கின் மக்கள் பதிவேடுகளைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது: கருக்கலைப்புக்கு முன்பும் பின்பும் பெண்கள் முதன்முறையாக உளமருத்துவரை நாடிய வீதம், ஆயிரம் பெண்களுக்கு ஆண்டுக்கு 14.6, 15.2 என ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது; முதற்பிள்ளை பெற்றவர்களிடம் அது பேற்றுக்கு முன் 3.9 ஆகவும் பின் 6.7 ஆகவும் இருந்தது. பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்காக அதே ஆண்டில் செய்யப்பட்ட தொகுப்பாய்வும், வேண்டாத கருவே மனநலச் சிக்கலோடு தொடர்புடையது, அதைக் கலைத்தாலும் பெற்றாலும் சிக்கலின் அளவு மாறுவதில்லை, முன்பே மனநோய் இருந்ததா என்பதே பின்விளைவை முன்கூட்டிச் சொல்லும் முதன்மைக் குறி என்று முடிவு கண்டது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டயானா கிரீன் ஃபாஸ்டர் நடத்திய ஆய்வு வேறொரு வழியைக் கண்டது. 2008 முதல் 2010 வரை 30 மருத்துவ நிலையங்களுக்கு வந்த ஏறத்தாழ ஆயிரம் பெண்களுள், கருக்கலைப்புப் பெற்றவர்களையும், வார வரம்பைக் கடந்துவிட்டதால் மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் அது ஐந்தாண்டுகள் தொடர்ந்து கேட்டறிந்தது. மறுக்கப்பட்டவர்களிடமே தொடக்கத்தில் பதற்றம் மிகுந்திருந்தது; பின்னர் இரு சாராருக்குமான வேறுபாடு மறைந்தது. கலைத்தவர்களிடம் துயரம், குற்றவுணர்வு, கோபம், நிம்மதி எல்லாமே கலந்து காணப்பட்டன. காலம் செல்லச் செல்ல அவற்றின் வேகம் தணிந்தது. எல்லாக் காலத்திலும் மிகுதியாகச் சொல்லப்பட்ட உணர்வு நிம்மதியே. ஐந்தாண்டுக்குப் பிறகும் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தம் முடிவு சரியென்றே கூறினர். துயரம் கொள்வதும் தவறு செய்ததாக எண்ணுவதும் ஒன்றல்ல என்பதை இவ்விடைகள் பிரித்துக் காட்டின. முடிவெடுக்கத் திண்டாடியவர்களும், சுற்றத்தாரின் இகழ்ச்சிக்கு அஞ்சியவர்களுமே கூடுதலாக வருந்தினர். ஆசையோடு சுமந்த கருவைக் குறைபாட்டின் காரணமாகப் பிந்திய மாதங்களில் கலைக்க நேர்ந்தவர்களின் துயரம் வேறு வகையானது. அது பிள்ளையை இழந்தவர்களின் துக்கத்துக்கு நெருக்கமானது, துணையும் காலமும் அதற்குத் தேவைப்படுகின்றன.

தமிழ்நாட்டில் மறைவின் சுமை

தமிழ்நாட்டில் சட்டம் வந்த பின்னும் மறைவு நீங்காததற்குக் காரணங்கள் பல. இந்தியாவின் பிற பகுதிகளைப் போல இங்கும் அரசு மருத்துவமனைகளில் கருக்கலைப்பு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு பிணைக்கப்பட்டதால், அறுவை செய்துகொள்ளவோ காப்பர் டி பொருத்திக்கொள்ளவோ இசைந்தால்தான் கலைப்போம் என்ற கட்டாயம் பல இடங்களில் நிலவியது. இசைய விரும்பாதவர்கள் காசு கொடுத்துத் தனியாரிடம் சென்றனர். டி. கே. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மணமான பெண்களையும் அவர்களுடைய கணவர்கள் சிலரையும் கேட்டறிந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு, கருக்கலைப்புக்குக் கணவர்கள் இசைகிறார்கள், ஆனால் உடலுறவை மறுக்கும் உரிமையைப் பெண்களுக்கு அளிப்பதில்லை என்ற முரணை வெளிக்கொணர்ந்தது. அப்பெண்களின் துன்பம் கருவைக் கலைத்ததோடு தொடங்கியதன்று. மறுக்க இயலாத இரவுகளில் தொடங்கி, கலைத்த பிறகும் தொடர்ந்தது.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் உசிலம்பட்டி, சேலம் வட்டாரங்களில் பெண்சிசுக் கொலை வெளிச்சத்துக்கு வந்து, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டபோது, ஸ்கேன் கருவியின் பரவலால் பெண் கருவைக் கண்டறிந்து அழிக்கும் வழக்கமும் கவலைக்குரியதாயிற்று. பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான தேவையிலிருந்து பிறந்தது. ஆனால் பரப்புரைச் சுவரொட்டிகளில் கருக்கொலை என்ற சொல்லும் சிசுவின் படமும் இடம்பெற்றதால், எந்தக் கருக்கலைப்புமே சட்டவிரோதம் என்ற எண்ணம் மக்களிடையே பரவ அவையும் துணைபோயின. பிள்ளை பெற்றவளுக்குத் தாய்வீடும் பத்தியச் சோறும் பிரசவ லேகியமும் வழக்கத்தால் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. யாருக்கும் தெரியாமல் கலைத்துக்கொண்டவளுக்கு ஓய்வெடுக்கக் காரணம் சொல்லவே வழியில்லாததால், குருதிப்போக்கு நிற்கும் முன்பே தண்ணீர்க் குடத்தையும் கூலி வேலையையும் ஏற்க வேண்டியிருக்கிறது. மருத்துவ நூல்கள் சில நாள் சோர்வு என்று எழுதுவது இவ்வாறு மாதக்கணக்கான இரத்தசோகையாகிவிடுகிறது.

ஒரே பிரிவு, பல நாடுகள்

மெக்காலேயின் பிரிவு பிரிட்டிஷ் ஆட்சியோடு பயணப்பட்டுத் தமிழர் வாழும் பிற நாடுகளுக்கும் சென்றது. சிங்கப்பூர் 1969இலேயே தனிச் சட்டம் இயற்றி, 1974இல் அதை மேலும் தளர்த்தியது. மலேசியா 1989இல் தன் 312ஆம் பிரிவைத் திருத்தி, உடல்நலத்தோடு மனநலத்துக்கான தீங்கையும் ஏற்றது. இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு பெண்ணின் உயிரைக் காப்பதைத் தவிர வேறெந்தக் காரணத்தையும் ஏற்காமல் இருந்துவருகிறது, அதைத் தளர்த்த 1995இல் எடுக்கப்பட்ட முயற்சியும் கைகூடவில்லை. இந்தியாவில் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு வரம்பை 24 வாரமாக்கி, மணமான பெண், கணவன் என்ற சொற்களின் இடத்தில் பெண், இணையர் என்ற சொற்களை வைத்து, பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்குத் தண்டனையும் விதித்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் மணமாகாத பெண்களுக்கும் அதே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தபோது, மனநலம் என்பது மனநோயை மட்டும் குறிக்காது என்றும், அதைப் பெண்ணின் உண்மையான சூழலோடு சேர்த்தே அறிய வேண்டும் என்றும் விளக்கியது. ஆயினும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவு பழைய 312ஐ ஏறத்தாழ அப்படியே ஏற்றுக்கொண்டு, தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணை இன்னும் குற்றவாளிப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது.

பெண்ணின் சூழலைக் கணக்கில் கொள்ளலாம் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது கருவைக் கலைப்பதற்கு முந்திய நிலையைப் பற்றியது. அதற்குப் பின் வந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள், கலைத்த பிறகு உடல் எவ்வளவு விரைவில் தேறுகிறது, மனம் எவ்வளவு விரைவில் அமைதி கொள்கிறது என்பதையும் அதே சூழல்தான் தீர்மானிக்கிறது என்று காட்டியுள்ளன: முந்திய வாரங்கள், பாதுகாப்பான முறை, நிபந்தனையற்ற சேவை, இகழாத செவிலியர், உடனிருக்க ஒருவர், ஓய்வுக்குச் சில நாள். இவற்றுள் எதையும் பெண் தனியே தேடிக்கொள்ள இயலாது. ஆகவே கருக்கலைப்பின் தீங்குகள் என்று பட்டியலிடப்படுபவற்றில் பெரும்பகுதி, அவளைச் சுற்றியுள்ள மருத்துவமனையும் குடும்பமும் சட்டமும் ஏற்க வேண்டிய பொறுப்பின் பட்டியலே ஆகும்.